பழைய கணினிகளைக் கொடுப்பதற்கு முன் வன்தட்டை முழுமையாக அழிப்பது எப்படி?

கோப்புறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சிறிய மருத்துவமனையின் அலுவலகப் பணிகளைக் கவனித்து வருகிறேன். புதிய கணினிகள் வந்துவிட்டதால், பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட ஏழு பழைய கணினிகளை, வசதி குறைந்த மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஓர் இல்லத்திற்குக் கொடுப்பதென்று நிர்வாகம் முடிவு செய்துள்ளது. நான்கு மேசைக் கணினிகளில் வழக்கமான வன்தட்டுகள் உள்ளன. இரண்டு மடிக்கணினிகளில் எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் நினைவுச் சில்லுகளில் தரவைச் சேமிப்பது) உள்ளது. ஏழாவது கணினி இயங்குவதில்லை. மின்சாரம் கொடுத்தால் உள்ளேயிருந்து 'டக், டக்' என்ற ஓசை மட்டும் வருகிறது. வன்தட்டு ஒன்று இருப்பதாகவே பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரல்) காட்டுவதில்லை.

இவற்றில் நோயாளிகளின் பெயர், வயது, நோய் விவரம், பரிசோதனை முடிவுகள், ஊழியர்களின் சம்பளப் பட்டியல், வங்கிக் கடிதங்கள் என எல்லாமே பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்தன. கோப்புகள் அனைத்தையும் நீக்கி, மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்துவிட்டோம். ஆனால் அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து ஏற்படவில்லை. பார்மட் செய்தால் போதும் என்கிறார் ஒருவர். முப்பத்தைந்து முறை மேலெழுதினால்தான் தரவு உண்மையாகவே அழியும் என்று எங்கோ படித்ததாகச் சொல்கிறார் இன்னொருவர். வன்தட்டைக் கழற்றி உடைத்துவிடுவதே நல்லது என்பது மூன்றாமவரின் கருத்து. ஆனால் உடைத்துவிட்டால், அந்த மாணவர்கள் புதிய வன்தட்டு வாங்கிப் பொருத்தும் நிலையில் இல்லை. கணினிகளை இயங்கும் நிலையில் கொடுக்கவே விரும்புகிறோம். அதே சமயம் எங்களை நம்பி வந்த நோயாளிகளின் விவரம் ஒன்றுகூட வெளியே போய்விடக் கூடாது. இரண்டும் ஒருசேர நடக்க வழி உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆணிவேர் எழுதியது:

வணக்கம் கோப்புறை. மருத்துவ விவரங்கள் என்று நீங்கள் சொன்ன பிறகு என்னுடைய பதில் ஒன்றுதான்: வன்தட்டுகளைக் கழற்றி எடுத்து உடைத்துவிடுங்கள், கணினிகளை மட்டும் கொடுங்கள்.

மிகையாகச் சொல்லவில்லை. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய வன்தட்டுகள் 158-ஐப் பல இடங்களிலிருந்து விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் இயங்கிய 129 தட்டுகளில் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் ஆயிரக்கணக்கான கடன் அட்டை எண்கள், மருத்துவக் கடிதங்கள், தனிப்பட்ட மின்னஞ்சல்கள் எல்லாம் கிடைத்தன. ஒரு தட்டு, வங்கிப் பணம் வழங்கும் இயந்திரத்திலிருந்து வந்தது போலத் தெரிந்தது. அவற்றை விற்றவர்களில் பலர், 'அழித்துவிட்டோம்' என்று நம்பித்தான் விற்றிருப்பார்கள். மென்பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்ததா என்று நாம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. உடைந்த தட்டைக் கண்ணால் பார்க்கலாம்.

வட்டச்சுழல் எழுதியது:

வணக்கம். ஆணிவேர் அவர்கள் சொன்ன ஆய்வு மிக முக்கியமானது. ஆனால் அதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் வேறு என்று நினைக்கிறேன். அந்தத் தட்டுகளில் தரவு கிடைத்ததற்குக் காரணம், அவை மேலெழுதப்படவே இல்லை என்பதுதான். கோப்புகளை நீக்கியிருந்தார்கள், அல்லது பார்மட் செய்திருந்தார்கள், அல்லது எதுவுமே செய்யாமல் விற்றிருந்தார்கள். முறையாக மேலெழுதப்பட்ட தட்டிலிருந்து அவர்கள் எதையும் மீட்டெடுக்கவில்லை. ஆகவே உங்கள் நான்கு மேசைக் கணினிகளின் வன்தட்டுகளை உடைக்க வேண்டிய தேவை இல்லை. அவற்றைச் சரியாக அழித்து, மாணவர்களுக்குப் பயன்படும்படி கொடுக்க முடியும்.

இதுவரை நீங்கள் செய்திருப்பது போதாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கோப்பை நீக்கும்போது, அந்தக் கோப்பின் பெயரும் அது தட்டில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பும்தான் விலக்கப்படுகின்றன. கோப்பு இருந்த இடம் 'இனிப் பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று குறிக்கப்படுகிறது. எழுத்துகளும் படங்களும் தட்டில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வேறொரு கோப்பு அதே இடத்தில் எழுதப்படும் வரை அங்கேயே இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் ஒன்றை ஓடவிட்டால், கணினிப் பாடம் படிக்கும் பள்ளி மாணவரும் அவற்றை எடுத்துவிட முடியும்.

விரைவு பார்மட்டும் இதே நிலைதான். புதிய வெற்று அட்டவணை ஒன்றைத் தட்டின் தொடக்கத்தில் எழுதிவிட்டு, மிச்சத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறது. முழு பார்மட்டில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை முழு பார்மட் என்பது பழுதடைந்த செக்டார்களை (தட்டின் மிகச் சிறிய சேமிப்புப் பிரிவுகளை)த் தேடிப் பார்த்ததே தவிர, எதையும் அழிக்கவில்லை. விஸ்டா முதல் அது பகுதி (பார்ட்டிஷன்) முழுவதும் சுழியங்களை எழுதுகிறது. ஆனால் அது நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்தும். தட்டிலுள்ள மற்றப் பகுதிகள் அப்படியே இருக்கும். விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும் பகுதியை விண்டோஸுக்குள் இருந்துகொண்டே பார்மட் செய்யவும் முடியாது. எனவே உங்கள் தேவைக்கு அது பொருத்தமான வழி அன்று.

அடுத்தது முப்பத்தைந்து முறை என்ற கருத்து. இதன் வேர் பீட்டர் குட்மன் 1996-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. அக்காலத்து வன்தட்டுகள் தரவைக் காந்தப் பரப்பில் பதிவு செய்யப் பல்வேறு குறியீட்டு முறைகளைக் கையாண்டன. ஒவ்வொரு முறைக்கும் ஏற்ற மேலெழுதும் வடிவங்களைத் தொகுத்துக் கொடுத்ததால்தான் எண்ணிக்கை முப்பத்தைந்து ஆயிற்று. எந்த ஒரு தட்டுக்கும் அத்தனையும் தேவைப்பட்டதில்லை. இதைக் குட்மனே பின்னாளில் தம் கட்டுரையுடன் சேர்த்த குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறார். இன்றைய தட்டுகளில் தரவின் அடர்த்தி மிக மிக அதிகம். மேலெழுதிய தடத்தின் ஓரத்தில் பழைய தடம் மிஞ்சியிருக்கும் என்ற அக்கால அச்சத்திற்கு இப்போது இடமில்லை. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 800-88 என்ற எண்ணுடைய வழிகாட்டியின் 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், காந்தத் தட்டுகளைச் சுழியம் போன்ற ஒரே வடிவத்தால் ஒரு முறை மேலெழுதினாலே, மேம்பட்ட ஆய்வகக் கருவிகளைக் கொண்டும் தரவை மீட்பது பொதுவாக இயலாது என்று சொல்கிறது. மூன்று முறை மேலெழுதும் வழக்கம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பழைய கையேடு ஒன்றிலிருந்து வந்தது. அதைச் செய்வதால் தீங்கில்லை, நேரம்தான் கூடுதலாகும்.

எவ்வளவு நேரம் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு டெராபைட் தட்டில் வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் எழுதினால், ஒரு முறை எழுதி முடிக்க 10,000 வினாடிகள், அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்திற்குச் சற்று அதிகம் ஆகும். முப்பத்தைந்து முறை எழுதினால் அதே தட்டுக்கு நான்கு நாட்கள் தேவைப்படும். அந்த நான்கு நாட்களின் நடுவே யாரோ ஒருவர் பொறுமையிழந்து நிறுத்திவிட்டு, 'பெரும்பாலும் முடிந்துவிட்டது' என்று தட்டை எடுத்துக் கொடுத்துவிடுவதுதான் உண்மையான ஆபத்து. ஒரே முறை என்றாலும் முதல் செக்டார் தொடங்கிக் கடைசி செக்டார் வரை தடையின்றி நடந்து முடிய வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

செய்முறைக்கு வருகிறேன். ஷ்ரெட்ஓஎஸ் என்ற இலவசத் தொகுப்பைப் பென் டிரைவ் ஒன்றில் ஏற்றிக்கொண்டு, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். அதற்குள் என்வைப் என்ற அழிப்பு மென்பொருள் இருக்கிறது. பலரும் அறிந்த டிபான் தொகுப்பின் அழிப்புக் கருவியிலிருந்து கிளைத்து, இன்று வரை பராமரிக்கப்பட்டு வருவது அது. திரையில் தட்டுகளின் மாடல் பெயர், கொள்ளளவு, வரிசை எண் ஆகியவை வரிசையாகத் தோன்றும். அழிக்க வேண்டியதை இடைவெளி விசையால் தேர்ந்தெடுத்து, முறை என்ற இடத்தில் சுழிய நிரப்பலையும், சரிபார்ப்பு என்ற இடத்தில் கடைசிச் சுற்றின் சரிபார்ப்பையும் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். சரிபார்ப்பைத் தேர்ந்தெடுத்தால், எழுதி முடித்த பிறகு தட்டு முழுவதையும் ஒரு முறை படித்துப் பார்க்கும்; ஆகவே நேரம் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆணிவேர் அவர்களின் ஐயத்திற்கு ஒரு பகுதி விடை இதில்தான் இருக்கிறது என்பதால், அதைத் தவிர்க்க வேண்டாம்.

பென் டிரைவிலிருந்து தொடங்குவதில் சிரமம் இருந்தால், தட்டைக் கழற்றி வேறொரு விண்டோஸ் கணினியில் இணைத்து, டிஸ்க்பார்ட் கருவியின் 'கிளீன் ஆல்' கட்டளையைக் கொடுக்கலாம். வெறும் 'கிளீன்' என்று மட்டும் கொடுத்தால் பகுதிகளின் அட்டவணை மட்டுமே நீங்கும். 'ஆல்' என்ற சொல்லைச் சேர்த்தால்தான் ஒவ்வொரு செக்டாரிலும் சுழியம் எழுதப்படும். இதில் கவனம் மிகவும் தேவை. தட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு, தட்டுகளின் பட்டியலை மீண்டும் ஒரு முறை வரவழைத்துப் பாருங்கள். தேர்வான தட்டின் வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி தெரியும். அது சரியான தட்டுதானா என்று கொள்ளளவை ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் இந்தக் கட்டளை 'உறுதியா?' என்று ஒரு முறைகூடக் கேட்பதில்லை. தொடங்கிய பிறகு எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதையும் காட்டாது. மணிக்கணக்கில் திரை அசைவற்று இருப்பதைப் பார்த்து, கணினி உறைந்துவிட்டதென்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள்.

எந்த வழியானாலும், அழிக்க வேண்டாத தட்டுகளின் இணைப்பைத் தொடங்குவதற்கு முன்பே பிடுங்கி வைத்துவிடுவது என் பழக்கம். வெளியிலிருந்து இணைக்கப்பட்ட காப்புத் தட்டு ஒன்று பட்டியலில் தெரிந்துகொண்டிருந்தால், தவறு நேர ஒரு விசை அழுத்தமே போதும்.

காப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. நோயாளிகளின் பதிவேடுகளைக் குறிப்பிட்ட காலம் வரை பாதுகாத்து வைக்க வேண்டிய கடமை மருத்துவமனைகளுக்கு இருக்கும். அழிக்கத் தொடங்குவதற்கு முன், தேவையான அனைத்தும் புதிய கணினிகளுக்கு வந்துவிட்டனவா என்று கோப்புறைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், பழைய கோப்புகள் சிலவற்றைப் புதிய கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய மருத்துவ மென்பொருள் தன் தரவுத்தளத்தை யாரும் எதிர்பாராத கோப்புறையில் வைத்திருப்பதுண்டு.

மேலெழுதுவதற்கு எட்டாத இடங்களும் தட்டில் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. செக்டார் ஒன்று பழுதடையத் தொடங்கினால், வன்தட்டு அதை ஒதுக்கிவிட்டு, வேறொரு செக்டாரை அதன் இடத்தில் வைத்துக்கொள்ளும். ஒதுக்கப்பட்ட செக்டாரில் இருந்த பழைய தரவைச் சாதாரண மேலெழுதல் தொடாது. ஆகவே அழிப்பதற்கு முன், தட்டு தன் உடல்நிலையைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். மாற்றி அமைக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை சுழியமாக இருந்தால் கவலை இல்லை. அந்த எண் உயர்ந்திருந்தால், அந்தத் தட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். எப்படியும் அது விரைவில் பழுதாகி மாணவர்களின் பாடங்களையும் கொண்டுபோய்விடும்.

மின்கீற்று எழுதியது:

வன்தட்டைப் பற்றி வட்டச்சுழல் அவர்கள் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதே முறையை இரண்டு மடிக்கணினிகளிலும் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

வன்தட்டில் ஒரு முகவரியில் எழுதினால், அது தட்டின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் போய் அமரும். அதே முகவரியில் மீண்டும் எழுதினால், அதே இடத்தின் மேல் எழுதப்படும். எஸ்.எஸ்.டி. அப்படி இயங்குவதில்லை. அதன் நினைவுச் செல்கள் குறிப்பிட்ட எண்ணிக்கை வரைதான் அழித்து எழுதப்படுவதைத் தாங்கும் என்பதால், எல்லாச் செல்களும் ஒரே சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, உள்ளேயிருக்கும் கட்டுப்படுத்தி ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் எழுதிக்கொண்டே போகும். நீங்கள் மேலெழுதியதாக நினைக்கும் கோப்பின் பழைய பிரதி, இன்னொரு மூலையில் சில காலம் இருக்கக்கூடும். இது போதாதென்று, இயங்குதளத்திற்குத் தெரியும் கொள்ளளவைவிடக் கூடுதலான செல்களும் உள்ளே இருக்கின்றன. பழுதாகும் செல்களுக்கு மாற்றாகவும் வேகத்தைக் காக்கவும் வைக்கப்பட்ட அந்தக் கூடுதல் பகுதியை வெளியிலிருந்து எந்த மென்பொருளாலும் நேரடியாகத் தொட முடியாது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எஸ்.எஸ்.டி.களில் தனிக் கோப்புகளை மட்டும் மேலெழுதி அழிக்கும் முறைகளில் ஒன்றுகூட முழுமையாக வெற்றி பெறவில்லை. தட்டு முழுவதையும் இரண்டு முறை மேலெழுதியது பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் அல்ல.

ஆகவே எஸ்.எஸ்.டி.யை அழிக்கும் வேலையை அதன் கட்டுப்படுத்தியிடமே ஒப்படைக்க வேண்டும். அதற்கான கட்டளைகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. எஸ்.எஸ்.டி. கணினியோடு இணையும் முறையில் சாட்டா, என்விஎம்இ என இரு வகை உண்டு. சாட்டா வகை என்றால் 'செக்யூர் இரேஸ்', என்விஎம்இ வகை என்றால் 'பார்மட்' கட்டளையின் பாதுகாப்பான அழிப்பு அல்லது 'சானிட்டைஸ்'. பல மடிக்கணினிகளின் பயாஸிலேயே இதற்கான தேர்வு இருக்கும்; முதலில் அங்கே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எஸ்.எஸ்.டி.யைத் தயாரித்த நிறுவனத்தின் கருவியைப் பயன்படுத்தலாம். சாம்சங், குரூஷியல், வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆகியவை தத்தம் எஸ்.எஸ்.டி.களுக்கு இலவசக் கருவிகள் தருகின்றன. லினக்ஸ் பழக்கம் உள்ளவர்கள் சாட்டாவுக்கு எச்டிபார்ம் கருவியையும், என்விஎம்இக்கு அதற்கென உள்ள கட்டளைக் கருவியையும் பயன்படுத்துவார்கள். சில நிமிடங்களிலேயே வேலை முடிந்துவிடுவதைப் பார்த்து ஐயப்பட வேண்டாம். கட்டுப்படுத்தி செல் தொகுதிகளை மின்னழுத்தத்தால் ஒட்டுமொத்தமாக வெறுமையாக்குகிறது, அல்லது உள்ளேயே இருக்கும் குறியாக்கச் சாவியை (மறைமொழியாக மாற்றிய தரவைப் படிக்க உதவும் சாவியை) மாற்றிவிடுகிறது. வன்தட்டைப் போல ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போவதில்லை.

எச்டிபார்ம் வழியில் போனால் இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரலாம். தட்டு 'ஃபுரோசன்' நிலையில் இருப்பதாக அறிக்கை காட்டினால், யாரும் தவறுதலாகவோ தீய நோக்கத்துடனோ இந்தக் கட்டளையைக் கொடுத்துவிடக் கூடாதென்று, கணினி தொடங்கும்போதே பயாஸ் அதைப் பூட்டி வைத்திருக்கிறது என்று பொருள். மடிக்கணினியைத் தூக்க நிலைக்கு அனுப்பி மீண்டும் எழுப்பினால் அந்தப் பூட்டு பெரும்பாலும் நீங்கிவிடும். அடுத்தது, அழிப்பைத் தொடங்குவதற்கு முன் தட்டுக்கு ஒரு தற்காலிகக் கடவுச்சொல் வைக்க வேண்டியிருக்கும். அழிப்பு முடிந்ததும் அது தானாக நீங்கிவிடும். நடுவில் மின்சாரம் நின்றுபோனால் தட்டு பூட்டிய நிலையிலேயே இருக்கும் என்பதால், எளிய கடவுச்சொல்லாக வைத்து, அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினி மின்னூட்டியுடன் இணைந்தே இருக்கட்டும். எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி யுஎஸ்பி இணைப்பி வழியாகச் செய்யாமல், நேரடியாகப் பொருத்திய நிலையிலேயே செய்யுங்கள். பல இணைப்பிகள் இந்தக் கட்டளைகளை உள்ளே கடத்துவதில்லை.

மேற்சொன்ன அதே 2011 ஆய்வில், அழிப்புக் கட்டளை வெற்றிகரமாக முடிந்ததாக அறிவித்த ஓர் எஸ்.எஸ்.டி.யில் தரவு முழுவதும் அப்படியே இருந்ததையும் கண்டார்கள். தயாரிப்பாளரின் நிரலில் இருந்த குறை அது. ஆகவே மருத்துவ விவரங்கள் இருந்த எஸ்.எஸ்.டி. என்றால், ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு காப்புகளை அடுத்தடுத்துச் செய்யப் பரிந்துரைப்பேன். முதலில் விண்டோஸின் பிட்லாக்கர் போன்ற குறியாக்கத்தால் தட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யுங்கள். 'பயன்படுத்திய இடம் மட்டும்', 'தட்டு முழுவதும்' என்று அது கேட்கும்போது இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். நீக்கப்பட்ட உங்கள் கோப்புகள் 'பயன்படுத்தாத' இடத்தில்தானே இருக்கின்றன. அது முடிந்த பின் செக்யூர் இரேஸ் கொடுங்கள். கட்டுப்படுத்தி தன் வேலையில் எங்கேனும் தவறியிருந்தாலும், மிஞ்சுவதில் மிகப் பெரும் பகுதி சாவியில்லாத குறியாக்கத் தரவாகவே இருக்கும்.

இனி வாங்கும் கணினிகளில் முதல் நாளிலிருந்தே குறியாக்கத்தை இயக்கி வைத்துவிட்டால், அவற்றைக் கைமாற்றும் நாளில் இந்தச் சுமையில் பெரும்பகுதி இருக்காது. புதிய கணினிகளில் அது இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள்.

கோப்புறை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு பொறுமையாக யாராவது விளக்குவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மேசைக் கணினிகளையும் மடிக்கணினிகளையும் பற்றிய என் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிட்டது. இன்னும் இரண்டு செய்திகளைக் கேட்க விரும்புகிறேன். அழிப்பு முடிந்த பிறகு, அது உண்மையாகவே முடிந்ததென்று நிர்வாகத்திற்கு நான் எப்படிக் காட்டுவது? 'டக், டக்' என்று ஓசை எழுப்பும் அந்த ஏழாவது கணினியின் வன்தட்டை என்ன செய்வது? பழைய பொருள்களை வாங்குபவர் ஒருவர், 'எல்லாவற்றையும் எங்களிடமே கொடுத்துவிடுங்கள், நாங்களே அழித்துவிடுகிறோம்' என்று சொல்லியிருக்கிறார். அவரை நம்பலாமா என்பதும் தெரியவில்லை.

வெற்றுத்தட்டு எழுதியது:

வணக்கம். இதுவரை வாசித்துக்கொண்டிருந்தேன், சரிபார்ப்பு என் அன்றாடப் பணி என்பதால் இப்போது எழுதுகிறேன்.

அழிப்பு முடிந்த தட்டை லினக்ஸ் பென் டிரைவிலிருந்து தொடங்கிய கணினியில் பார்த்து, தட்டின் உள்ளடக்கத்தைப் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்களாகக் காட்டும் கருவி ஒன்றில் திறந்து பாருங்கள். சுழியம் எழுதப்பட்ட தட்டு என்றால், 00 00 00 00 என்ற இணைகள் மட்டுமே வரி வரியாக வர வேண்டும். தொடக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது, ஏனெனில் விரைவு பார்மட்டும் தொடக்கப் பகுதியைத்தான் மாற்றுகிறது. நடுவில் சில இடங்களுக்கும், முக்கியமாகக் கடைசிப் பகுதிக்கும் தாவிப் பாருங்கள். பாதியில் நின்றுபோன அழிப்பு அங்கேதான் வெளிப்படும். அழிக்கப்படாத இடம் என்றால், எண்களுக்கு வலப்புறம் உள்ள எழுத்துப் பத்தியில் சொற்களின் துண்டுகள் கண்ணில் படும். மருந்தின் பெயர் ஒன்றோ, கோப்பின் பெயர் ஒன்றோ அங்கே தெரிந்தால், அந்தத் தட்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அதன் பிறகு, தரவைத் திருட விரும்பும் ஒருவர் செய்வதையே நாமும் செய்து பார்க்க வேண்டும். போட்டோரெக் என்ற இலவச மீட்பு மென்பொருளைத் தட்டு முழுவதிலும் ஓடவிடுங்கள். அது கோப்புகளின் பெயர் அட்டவணையை நம்புவதில்லை. படம், ஆவணம், மின்னஞ்சல் என ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் உரிய தொடக்க அடையாளத்தை செக்டார் செக்டாராகத் தேடும். நீங்கள் இப்போது கோப்புகளை நீக்கி மட்டும் வைத்திருக்கும் தட்டு ஒன்றில், அழிப்பதற்கு முன் அதை ஒரு முறை ஓடவிட்டு, வந்து விழும் கோப்புகளை நிர்வாகத்தினர் முன்னிலையில் காட்டுங்கள். அழித்த பிறகு அதே தட்டில் மீண்டும் ஓடவிட்டுக் காட்டுங்கள். எந்த விளக்கமும் சொல்லாமலே அவர்களுக்குப் புரிந்துவிடும். மீட்ட கோப்புகளைச் சேமித்த இடத்தையும் மறக்காமல் அழித்துவிடுங்கள்.

எஸ்.எஸ்.டி.களைப் பொறுத்தவரை இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. வெளியிலிருந்து படிக்கும்போது கட்டுப்படுத்தி எதைக் காட்டுகிறதோ அதைத்தான் நாம் பார்க்கிறோம். உள்ளே ஒதுக்கி வைக்கப்பட்ட செல்களை இந்தச் சோதனை காட்டாது. மின்கீற்று அவர்கள் முதலில் குறியாக்கம் செய்யச் சொன்னதன் பயன் இங்கேதான் விளங்குகிறது.

பதிவேடு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கணினியின் அடையாளம், தட்டின் மேலுள்ள சீட்டில் அச்சிட்டிருக்கும் வரிசை எண், அழித்த முறை, அழித்த நாள், சரிபார்த்தவரின் கையொப்பம் ஆகிய அளவில் இருந்தால் போதும். அழித்தவரும் சரிபார்ப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது நல்லது. வரிசை எண்ணை எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சில கணினிகளில் ஒரு வன்தட்டுடன், மதர்போர்டிலேயே செருகப்பட்ட சிறிய எம்.2 எஸ்.எஸ்.டி.யும் இருக்கும். பெட்டியைத் திறந்து எண்ணைத் தேடும்போதுதான் இரண்டாவது ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவரும்.

ஓசை எழுப்பும் தட்டு விஷயத்தில் ஆணிவேர் அவர்கள் சொன்னதே சரி. கணினிக்குத் தெரியாத தட்டில் எந்த மென்பொருளும் எதையும் எழுத முடியாது. ஆனால் அதன் படிக்கும் முனையோ மின்சுற்றுப் பலகையோ பழுதாகியிருந்தாலும், காந்தப் பரப்பில் தரவு அப்படியே இருக்கும். பழுதான பாகத்தை மாற்றிப் படித்தெடுக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. 'பழுதான தட்டுதானே' என்று எண்ணிக் குப்பையில் போடுவது, நல்ல தட்டை அழிக்காமல் கொடுப்பதற்கு ஒப்பானது. அதைக் கழற்றி, வெளிக் கூட்டை மட்டுமல்லாமல் உள்ளே சுழலும் வட்டத் தகடுகள் அனைத்தையும் ஊடுருவும்படி பல இடங்களில் துளையிட்டு, தகடுகளை வளைத்து அல்லது நொறுக்கிவிடுங்கள். மடிக்கணினிகளில் வரும் சிறிய வன்தட்டுகளின் தகடுகள் பெரும்பாலும் கண்ணாடியால் ஆனவை. அடித்தால் ஊசி போன்ற துண்டுகளாகச் சிதறும். மேசைக் கணினியின் தகடு பொதுவாக அலுமினியம்தான் என்றாலும், எதுவாக இருந்தாலும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த உறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். தீயில் இடுவது கூடவே கூடாது. அந்தப் புகை நச்சு. உடைத்த பிறகு மின்கழிவு சேகரிப்பிடம் ஒன்றில் சேர்த்துவிடுங்கள்.

பழைய பொருள்களை வாங்குபவர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மார்கன் ஸ்டான்லி என்ற பெரிய நிதி நிறுவனத்திற்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வாடிக்கையாளர்களின் விவரங்கள் இருந்த ஆயிரக்கணக்கான வன்தட்டுகளையும் சர்வர்களையும் அப்புறப்படுத்தும் வேலையை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத, பொருள்களை இடம் மாற்றிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றிடம் அது ஒப்படைத்தது. அவற்றில் சில, விவரங்கள் அழிக்கப்படாமலே இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தன. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2022-இல் அந்த நிதி நிறுவனத்திற்கு 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. அபராதம் தட்டுகளை எடுத்துச் சென்றவர் மீது விழவில்லை, தரவுக்குப் பொறுப்பானவர் மீதுதான் விழுந்தது. உங்கள் மருத்துவமனை சிறியதாக இருக்கலாம். பொறுப்பு அதே பொறுப்புதான். அழிப்பு உங்கள் கட்டடத்திற்குள், உங்கள் கண் முன்னால் முடிந்த பிறகே எந்தத் தட்டும் வாசலைத் தாண்ட வேண்டும்.

ஆணிவேர் எழுதியது:

அழித்த பிறகு சரிபார்க்கும் முறையும் பதிவேடும் இருக்குமானால், நல்ல நிலையிலுள்ள வன்தட்டுகளைக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. மாணவர்களுக்கு இயங்கும் கணினி கிடைக்க வேண்டும் என்பதே எல்லோரின் விருப்பமும். எஸ்.எஸ்.டி.கள் மீது மட்டும் எனக்கு ஐயம் மிச்சமிருக்கிறது. அந்த மடிக்கணினிகள் மருத்துவர்களின் அறையில் இருந்தவை என்றால், பழைய எஸ்.எஸ்.டி.யை எடுத்துவிட்டு, குறைந்த கொள்ளளவுள்ள புதிய ஒன்றைப் பொருத்திக் கொடுக்க நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். எடுத்த எஸ்.எஸ்.டி.யை உடைக்கும்போது, பலகையிலுள்ள ஒவ்வொரு நினைவுச் சில்லும் உடைந்ததா என்று பாருங்கள். ஒரு சில்லு தப்பினாலும் அதிலிருந்து படித்தெடுக்க இடமுண்டு. காந்தப் புலத்தால் அழிக்கும் கருவிகள் எஸ்.எஸ்.டி.யை ஒன்றும் செய்யாது. வன்தட்டை அழிக்கும், ஆனால் தட்டின் வழிகாட்டித் தடங்களையும் சேர்த்தே அழித்துவிடுவதால், அதன் பிறகு அந்தத் தட்டு எதற்கும் உதவாது.

மின்கீற்று எழுதியது:

ஆணிவேர் அவர்களின் யோசனை நல்ல யோசனை. நிர்வாகம் இசைந்தால் அப்படியே செய்யுங்கள்.

தட்டுக்கு வெளியே பார்க்க வேண்டிய சிலவும் உண்டு. டிவிடி டிரைவில் ஏதாவது வட்டு இருக்கிறதா, மெமரி கார்டு செருகும் இடத்தில் கார்டு விடுபட்டிருக்கிறதா என்று திறந்து பாருங்கள். கடவுச்சொல் எழுதிய சிறு தாள் திரையின் பின்புறமோ விசைப்பலகையின் அடியிலோ ஒட்டியிருப்பது எல்லா அலுவலகங்களிலும் காணும் காட்சி. கணினிகளுடன் அலுவலக நகலெடுக்கும் இயந்திரத்தையும் கொடுப்பதாக இருந்தால், பெரிய இயந்திரங்கள் பலவற்றின் உள்ளேயும் ஒரு வன்தட்டு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். நகலெடுத்த பரிசோதனை முடிவுகளின் படிமங்கள் அதில் சேர்ந்திருக்கக்கூடும். மின்னஞ்சல், மேகச் சேமிப்பு போன்ற கணக்குகளின் இணையப் பக்கத்திற்குச் சென்று, இந்தப் பழைய கணினிகளை நம்பகமான சாதனங்களின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

அழித்த தட்டில் இயங்குதளம் இருக்காது. புதிதாக நிறுவிக் கொடுத்தால்தான் மாணவர்கள் வாங்கிய அன்றே பயன்படுத்த முடியும். விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு அதே கணினியில் முறையான டிஜிட்டல் உரிமத்துடன் இயங்கியிருந்தால், அதே பதிப்பை மீண்டும் நிறுவி இணையத்தில் இணைத்ததும் பெரும்பாலும் தானாகவே செயல்பாட்டுக்கு வந்துவிடும், ஏனெனில் அந்த உரிமம் கணினியின் வன்பொருளோடு பிணைக்கப்பட்டது. வேகம் குறைந்த கணினிகளுக்கு எடை குறைந்த லினக்ஸ் வகை ஒன்று பொருந்தும். பயாஸுக்குக் கடவுச்சொல் வைத்திருந்தால், கொடுப்பதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள். பின்னாளில் அந்த இல்லத்தார் வேறு இயங்குதளம் நிறுவ முயலும்போது, கடவுச்சொல் தெரிந்தவர் உங்கள் அலுவலகத்தில் இல்லாமல் போயிருக்கலாம்.